எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகு

லாண்டரியம்மா குரலை உயர்த்தினால் நான் சாவி அறுக்கும் மெஷினை நிறுத்திவிடுவேன். மரியாதைக்காக என்று நினைத்துவிடாதீர்கள். மெஷின் இரைச்சலில் பாதிப் பேச்சு காதில் விழாமல் போய்விடுமே, அதனால்தான். அவர்கள் வீட்டு முன்னறையில்தான் என் பூட்டு சாவிக் கடை. எனக்கும் அவர்கள் கூடத்துக்கும் நடுவே ஒரே ஒரு பலகைக் கதவு. ஊரில் இருக்கிற பூட்டையெல்லாம் திறக்கிறவனுக்கு அதைத் தாண்டிக் காது கேட்காதா என்ன?

அன்று காலையில் அவர் கத்தியது கரண்டைப் பற்றி.

“ஏங்க, இங்க வந்து பாருங்க இந்தக் கூத்தை! நாம மூணு பேரும் ஊர்லயே இல்லாத ரெண்டு நாளும் கரண்ட் ஓடியிருக்கு. ராத்திரி பகல்னு இல்லாம ஒரே மாதிரி ஓடியிருக்கு!”

“யாரு சொன்னா?” என்றார் லாண்டரிக்காரர். எதைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் கேட்பார் அவர்.

“உங்க பொண்ணு போன்ல காட்டினா. படமே போட்டிருக்கு. நாம ஊருக்குப் போயிட்டோம். மெஷின் ஓடல, இஸ்திரி போடல. வீட்ல இருந்தது யாரு?”

வீட்டில் இருந்தது லாண்டரிக்காரருடைய அக்கா.

அந்த அக்காவை லாண்டரியம்மா அண்ணி என்று கூப்பிடுவார். அதைக் கேட்டுக் கேட்டு இந்தத் தெருவே அவரை அண்ணி என்றுதான் கூப்பிடும், என்னைவிடச் சின்னப் பிள்ளைகள்கூட. அறுபதை நெருங்கும் வயது. கல்யாணம் நின்று நிலைக்கவில்லை. ஒரு பெண்கள் விடுதியில் வெகுகாலம் சமையல் செய்துகொண்டிருந்தார். விடுதியை மூடியதும் தம்பி போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பின்கட்டை ஒட்டி ஒரு சின்ன அறை. அதில் ஒரு கட்டில், கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைக்க ஒரு தையல் மெஷின், அவ்வளவுதான் அவருடைய உலகம்.

இங்கே புது மீட்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது. மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஏணியோடு ஆட்கள் வந்து, தெரு முழுக்கப் பழைய மீட்டர்களைக் கழற்றிவிட்டு ஸ்மார்ட் மீட்டர் என்று ஒன்றை மாட்டிவிட்டுப் போனார்கள். லாண்டரி வீட்டு மீட்டர் என் கடையின் வெளிச்சுவரில் இருக்கிறது. பழையதில் ஒரு சக்கரம் சுற்றும். இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் விரட்டிக்கொண்டு சுற்றும், அணைத்தால் நிற்கும், யாருக்கும் புரியும். புதியதில் சக்கரமும் கிடையாது ஒன்றும் கிடையாது. ஒரு கண்ணாடி, அதில் எண்கள், கீழே கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி. கரண்ட் போகப் போக அந்தப் புள்ளி விட்டு விட்டு மினுக்கும். கணக்கெடுக்க ஆள் வரமாட்டார், அதுவே ஆபீசுக்குச் சொல்லிவிடும். போனில் எந்த நேரத்தில் எவ்வளவு இழுத்தோம் என்று கோடு போட்டுக் காட்டும்.

“நம்ம வீட்டுக்குள்ள நடக்கறதை நமக்கு முன்னாடி அங்க போய்ப் போட்டுக் குடுக்குது. இது மீட்டரா, உளவாளியா?” என்பார் லாண்டரியம்மா.

அந்த மீட்டர் வந்ததிலிருந்தே அந்த வீட்டில் பில் ஏறிக்கொண்டே போனது. எல்லார் வீட்டிலும்தான் ஏறியது என்று எல்லாரும் சொன்னார்கள். தையல்காரர் சொன்னார், மாவு மில்காரர் சொன்னார். எனக்கு ஏறியதா என்று எனக்கே தெரியவில்லை, ஆனாலும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். தெருவே திட்டும்போது நான் மட்டும் நல்லபிள்ளையாக இருந்து என்ன செய்ய?

ஆனால் லாண்டரியம்மாவுக்கு மீட்டர் மேல் பாதி சந்தேகம், அண்ணி மேல் பாதி சந்தேகம். ஊரில் இல்லாத அந்த இரண்டு நாள் படத்தைப் பார்த்த பிறகு மொத்தமும் அண்ணி பக்கம் சாய்ந்துவிட்டது.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் படுகிற பாட்டை நாள் முழுக்கப் பார்க்கிறவன் நான். விடிந்தால் லாட்ஜுகளில் இருந்து மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துண்டும் வந்து இறங்கும். கறை பார்த்துப் பிரிக்க வேண்டும், டிரம்மில் வெளுப்புப் பவுடர் கரைத்து ஊறப்போட வேண்டும், மெஷினில் போட்டு எடுத்துப் பிழிந்து உலர்த்தி, இஸ்திரி போட்டு மடித்து, சாயங்காலம் திருப்பி அனுப்ப வேண்டும். பின்கட்டில் தரை எப்போதும் தண்ணீராகவே இருக்கும். வழுக்கிவிடாமல் இருக்க மரப்பலகைகளைப் போட்டு அதன் மேல் நின்றுதான் வேலை. பவுடர் தண்ணீரில் கிடந்து கிடந்து அவர் விரல் நுனியெல்லாம் வெளிறிச் சுருங்கியிருக்கும். “கை விறுவிறுங்குது சாவிக்காரரே, இந்தப் பவுடரு எலும்புக்குள்ள போயிடுச்சு” என்று கையை உதறிக்கொண்டே என் கடைக்கு வந்து டீ வாங்கிவரச் சொல்வார். பவுடரில் புழங்கும் எல்லாருக்கும் அந்த விறுவிறுப்பு உண்டு. அந்தத் தொழிலில் அதை ஒரு நோவாகவே யாரும் நினைப்பதில்லை.

அண்ணிக்குப் பவுடர் ஒத்துக்கொள்ளாது. பட்டால் தோல் வெடித்து ரத்தம் கசியும். அதனால் காய்ந்த துணிதான் அவர் பங்கு. கம்பியிலிருந்து எடுப்பார், கிழிசல் பார்ப்பார், தைப்பார், மடிப்பார். அவர் மடித்தால் நூறு விரிப்பும் ஒரே அளவில் நிற்கும். அதையும் லாண்டரியம்மா ஒரு குறையாகத்தான் வைத்திருந்தார். “ராணியம்மா கை. ஈரம் பட்டா கரைஞ்சிடும்.” இதை அண்ணி காதுபடச் சொல்லமாட்டார். ஆனால் அந்த வீட்டில் யார் காதிலும் படாமல் எதைச் சொல்ல முடியும்?

படத்தைப் பார்த்த மறுநாள் அண்ணி கடைக்கு நூல் வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்து தன் அறைக்குள் நுழைந்தவர் உடனே வெளியே வந்தார். குரல் உயரவில்லை.

“என் பெட்டியைத் திறந்தது யாரும்மா?”

லாண்டரியம்மாதான் சொன்னார்.

“நான்தான் அண்ணி. ஹீட்டர் கம்பி ஏதாவது வெச்சிருக்கீங்களான்னு பார்த்தேன். குளிக்கறதுக்கு, மழை நாளாச்சே... தப்பா எடுத்துக்காதீங்க. கரண்ட் எங்க போகுதுன்னு தெரியணும்ல?”

“கேட்டிருந்தா நானே திறந்து காட்டியிருப்பேனே.”

“கேட்டா சொல்லுவாங்களா யாரும்?”

அங்கேதான் வார்த்தை தடித்துவிட்டது. லாண்டரிக்காரர் நடுவில் போய் நின்று, “விடு, விடுக்கா” என்று இரண்டு பக்கமும் சொல்லிப் பார்த்தார். நல்ல மனுஷன், ஆனால் அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் அவர் வாய் அதற்கு மேல் திறக்காது.

சாயங்காலம் அண்ணி என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“தம்பி, என் பெட்டிக்கு ஒரு சின்னப் பூட்டு குடு.”

“எதுக்குங்க அண்ணி, வீட்டுக்குள்ள இருக்கற பெட்டிக்கு...”

“வீட்டுக்குள்ள இருக்கப் போறதில்ல. விடுதியில என் கூட வேலை பார்த்தவ ஒருத்தி, ஒரு பெரிய வீட்டுல சமையலுக்கு ஆள் வேணும்னு ரொம்ப நாளா கூப்பிடறா. அங்கயே தங்கிக்கலாமாம். திங்கக்கிழமை வர்றேன்னு சொல்லிட்டேன்.”

“இந்த வயசுல போய் ஒரு வீட்டு அடுப்படியில...”

“அடுப்படியில நின்னவதானே நான். உட்கார்ந்து சாப்பிடறதுதான் எனக்குப் பழக்கமில்ல.” பூட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “போறது போறதுதான். ஆனா திருடிங்கற பேரோட போக மாட்டேன் தம்பி. நாளைக்கு எல்லாத்தையும் அணைச்சிட்டுப் பார்க்கச் சொல்லப் போறேன். நான் உன் கடையில வந்து உட்கார்ந்துக்கறேன். நீ சாட்சி.”

பூட்டுக்குக் காசு கொடுத்தார். நான் வாங்கவில்லை.

சொன்னபடியே செய்தார்கள். தூறிக்கொண்டிருந்தது. லாண்டரியம்மா ஒவ்வொரு அறையாகப் போய் சுவிட்சுகளை அணைத்தார். பிளக்குகளைப் பிடுங்கி மேஜை மேல் போட்டார். ஃப்ரிட்ஜையும் விடவில்லை. தையல் மெஷின் வயரைச் சுருட்டிக் கையிலேயே வைத்துக்கொண்டார். மெயின் பெட்டி மட்டும் இஸ்திரி மேஜைக்குப் பின்னால், எட்டாத மூலையில், பழைய காலத்துப் பெட்டி. தொட்டாலே பொறி பறக்கும் என்று பயந்து அந்த வீட்டில் யாரும் அதன் பக்கம் போவதில்லை. அன்றும் அதை யாரும் நினைக்கவில்லை. அண்ணி என் ஸ்டூலில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். காலேஜுக்குக் கிளம்பிய மகள் போகாமல் போனைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“எல்லாம் ஆஃப்!” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

நாங்கள் எல்லாரும் மீட்டரை அண்ணாந்து பார்த்தோம்.

சிவப்புப் புள்ளி அணைந்தே இருந்தது. லாண்டரியம்மாவும் குடை பிடிக்காமல் வந்து எங்களோடு நின்றார். “பார்த்தீங்களா...” என்று அவர் வாயெடுக்கவும் அது ஒரு தடவை மினுக்கியது. ரொம்ப நேரம் கழித்து மறுபடியும் மினுக்கியது. அப்புறம் மறுபடியும்.

“அத்தை இங்க இருக்காங்க” என்றாள் மகள். “எல்லாமே ஆஃப்ல இருக்கு. அப்ப யாரும்மா இழுக்கறது?”

லாண்டரியம்மா முகத்தில் ஈயாடவில்லை. மழைத்தண்ணீர் நெற்றியில் வழிய, மீட்டரையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார். தப்பைத் தப்பு என்று சொல்லிவிடலாம், வாய்தான் வரவேண்டுமே! சட்டென்று அவர் கோபமெல்லாம் மேலே தாவியது.

“பொய் மீட்டரு! ஒண்ணுமே போடாம ஓடுது பாருங்க சாவிக்காரரே! குடும்பத்தையே ரெண்டாக்கப் பார்த்துச்சே இந்த ஓடுகாலி மீட்டரு!”

தெரு கூடிவிட்டது. நான் சொல்லலியா, நான் அன்னைக்கே சொன்னேன் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். மாவு மில்காரர் தன் மீட்டரையும் அன்றே கழற்றி எறியப் போவதாகச் சொன்னார். எறியவில்லை. ஆபீசுக்குப் புகார் எழுதிப் போட்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு லாண்டரியம்மா அண்ணி பக்கத்தில் வந்து நின்றார்.

“டீ போடட்டுமா அண்ணி?”

“வேணாம்மா.”

“திங்கக்கிழமை போகணுமா? அதான் மீட்டர்தான்னு தெரிஞ்சு போச்சே.”

“மீட்டருக்கு என்னைத் தெரியாது. அது என்ன வேணா சொல்லும். உனக்கு என்னைத் தெரியுமே” என்றார் அண்ணி. எழுந்து உள்ளே போய்விட்டார்.

புகாருக்கு வந்தது ஒரு பெண். முப்பது வயதிருக்கும். தலையில் ஹெல்மெட், தோளில் பை. ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள்ளேயே லாண்டரியம்மா ஆரம்பித்துவிட்டார். மீட்டர், ஆபீஸ், அரசாங்கம், எதையும் பாக்கி வைக்கவில்லை. அந்தப் பெண் பொறுமையாக ஹெல்மெட்டைக் கழற்றி, முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு சொன்னாள்.

“இன்னும் திட்டுங்கக்கா. ஒவ்வொரு வீட்லயும் திட்டு வாங்கறதுக்குன்னே எங்களுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்காங்க. உங்களுக்கு இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு.”

லாண்டரியம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க இன்னும் உரக்கத் திட்டினார்.

சோதனை செய்து வைத்திருக்கும் இன்னொரு மீட்டரை இந்த மீட்டருக்குப் பக்கத்திலேயே மாட்டினாள் அந்தப் பெண். ஒரே கரண்ட் இரண்டு வழியாகவும் போகும், இரண்டும் ஒரே கணக்குச் சொல்கிறதா என்று பார்க்கலாம் என்றாள். திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன் என்று போய்விட்டாள்.

திங்கட்கிழமை. மழை விட்டு நல்ல வெயில். லாண்டரியம்மாவுக்கு வெயிலைக் கண்டால் கையும் காலும் பரபரக்கும். ஊறி நாறிப்போன மரப்பலகைகளையெல்லாம் பின்கட்டிலிருந்து தூக்கி வந்து வெளிச்சுவரில் சாத்திக் காயவைத்தார். மெஷினிலிருந்து ஒரு கூடை ஈரத் துணி எடுத்து வைத்துவிட்டார். மழை எப்போது திரும்பும் என்று நம்ப முடியாததால் வழக்கம்போல உள்ளே கம்பியில் போடத்தான் திட்டம். அந்தக் கம்பி பின்கட்டுச் சுவருக்குச் சுவர் லாண்டரிக்காரர் கட்டியது. மழை ஆரம்பித்த வாரம், துணி உலரவில்லையே என்று மனைவி புலம்புவதைக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்று இரும்புக் கம்பிகளைச் சுவரில் அடித்து மாட்டினார். தன் கையால் செய்த வேலை என்று அவருக்கு ரொம்பப் பெருமை.

கூடையைத் தூக்கப் போன நேரத்தில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. லாண்டரியம்மா கூடையை அப்படியே வைத்துவிட்டு முன்னால் ஓடிவந்தார். அண்ணியும் அதே நேரத்தில் பூட்டிய பெட்டியோடு கூடத்துக்கு வந்துவிட்டிருந்தார். ஆட்டோ சொல்லியிருந்தார், வரவில்லை.

அந்தப் பெண் இரண்டு மீட்டரையும் பார்த்தாள். எழுதினாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

“அக்கா, ரெண்டும் ஒண்ணுபோல சொல்லுது. இம்மிகூட வித்தியாசம் இல்ல. உங்க மீட்டர் பொய் சொல்லல.”

“அப்ப ரெண்டுமே பொய் சொல்லுது!” என்றார் லாண்டரியம்மா.

“இருங்க. நீங்க எல்லாத்தையும் அணைச்சுப் பார்த்தப்ப மெயினையும் அணைச்சீங்களா?”

லாண்டரிக்காரர்தான் இஸ்திரி மேஜையை நகர்த்தி, ஒரு காய்ந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு மெயினை இறக்கினார். பொறி பறந்தது, வீடு பிழைத்தது. வெளியே வந்து பார்த்தோம். இரண்டு மீட்டரிலும் புள்ளி நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் பார்த்தும் மினுக்கவே இல்லை.

அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

“மெயினைப் போட்டா ஓடுது, அணைச்சா நிக்குது. அப்ப கரண்ட் உங்க வீட்டுக்குள்ளதான் எங்கயோ போகுது. லைட்டுக்கும் போகல, மெஷினுக்கும் போகல. ஒழுகுது. வீட்ல யாருக்காவது எதையாவது தொட்டா ஷாக் அடிக்குதா?”

“ஷாக் எல்லாம் ஒண்ணும் இல்ல” என்றார் லாண்டரியம்மா.

“லேசாக்கூட? எறும்பு ஊர்ற மாதிரி? கை மரத்துப் போற மாதிரி?”

“கை விறுவிறுங்கும். அது பவுடரு. இந்தத் தொழில்ல இருக்கற யாரை வேணா கேளுங்க, எல்லாருக்கும் அப்படித்தான். கரண்டுக்கும் அதுக்கும் என்ன?”

அந்தப் பெண் தலையாட்டினாள். குறித்துக்கொண்டாள். வயரிங் ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பையை மூடப் போனாள். வெளியே ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது.

அண்ணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டார். செருப்பையும் மாட்டிவிட்டார். அப்படியே போயிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. நானாக இருந்தால் போயிருப்பேன். அவர் நின்றார்.

“எனக்கும் அடிக்கும்மா” என்றார்.

“என்னது அண்ணி?”

“அந்த விறுவிறுப்பு. துணி எடுக்கும்போது விரல்ல, முழங்கை வரைக்கும். எனக்கு வயசாச்சு, நரம்புல ஏதோ கோளாறுன்னு நினைச்சுக்கிட்டேன்.”

“ஏன் அண்ணி சொல்லவே இல்ல?”

“என்னத்தைச் சொல்றது? ஒரு நோவுன்னு சொன்னா தம்பி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவான், அது ஒரு செலவு. நீ வேலைக்குச் சாக்கு சொல்றேன்னு நினைச்சுக்குவே. சரி, போற வரைக்கும் போகட்டும்னு விட்டுட்டேன்.”

“அது பவுடர்தான் அண்ணி, எனக்கும்தான்...” என்று லாண்டரியம்மா சொல்லிக்கொண்டே வந்தார். பாதியில் நின்றுவிட்டார். “நீங்க பவுடரே தொட மாட்டீங்களே.”

“தொட மாட்டேனே. அதான் சொல்றேன்.”

அந்தப் பெண் பையை மறுபடியும் திறந்தாள். “எந்தத் துணி எடுக்கும்போது? எங்க இருந்து?”

மெயினைப் போடச் சொன்னாள். பின்கட்டு வாசலிலேயே எல்லாரையும் நிறுத்திவிட்டு, ரப்பர் பூட்ஸ் போட்ட காலோடு அவள் மட்டும் ஈரத்தில் இறங்கினாள். டெஸ்டரின் நுனியைக் கம்பியில் வைத்தாள். அதன் பிடிக்குள் இருந்த குட்டி விளக்கு பளிச்சென்று எரிந்தது.

“யாரும் கிட்ட வராதீங்க. மெயினை இறக்குங்க. உடனே!”

அவ்வளவு நேரம் விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்த பெண்ணின் குரலா அது என்று இருந்தது. லாண்டரிக்காரர் துண்டைக்கூடச் சுற்றிக்கொள்ளாமல் ஓடிப்போய் இறக்கினார்.

கம்பியின் முனையைத் தாங்கிக்கொண்டிருந்த இரும்புப் பட்டையைக் கழற்றிப் பார்த்தாள். அதை இறுக்க அடித்த நீள ஆணி, சுவருக்குள் போகும் குழாயைத் துளைத்து, மெஷினுக்குப் போகிற வயரின் தோலை உரித்துவிட்டிருந்தது. சுவர் மழையில் ஊறியிருந்தது. கரண்ட் கம்பிக்கும் ஏறி, சுவர் வழியாகத் தரைக்கும் இறங்கிக்கொண்டு, பகல் ராத்திரி பாராமல் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. மீட்டர் அதைத்தான் ஒன்றுவிடாமல் எண்ணியிருக்கிறது.

“இத்தனை நாள் எப்படி ஒண்ணும் ஆகலன்னு தெரியலக்கா. எதுமேல நின்னு வேலை செய்வீங்க?”

“பலகை...” என்றார் லாண்டரியம்மா.

“மரம்தான் காப்பாத்தியிருக்கு. இப்ப எங்க பலகை?”

பலகைகள் வெளியே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. தண்ணீர் தேங்கிய வெறுந்தரையில் அந்த ஈரத் துணிக் கூடை கம்பிக்கு நேர் கீழே இருந்தது. ஸ்கூட்டர் சத்தம் கேட்டிராவிட்டால் அது அந்நேரம் கம்பியில் ஏறியிருக்கும். இந்தப் பெண் பையை மூடிக்கொண்டு போயிருந்தால் மெயினைப் போட்ட அடுத்த நிமிடம் ஏறியிருக்கும்.

லாண்டரிக்காரர் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். “நான் அடிச்ச ஆணி. என் கையால அடிச்சேனே” என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். மீட்டர் வந்த கையோடு அவர் கம்பி அடித்ததும் நடந்ததால் எல்லாப் பழியும் மீட்டர் மேலேயே விழுந்துவிட்டது. அவரை யாரும் சந்தேகப்படவே இல்லை, பாவம் அவர் உட்பட.

லாண்டரியம்மா அழவில்லை. தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். வெளியே ஆட்டோக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். நான்தான் போய் ஏதோ கையில் கொடுத்து அனுப்பிவைத்தேன். என்னை யாரும் அனுப்பச் சொல்லவில்லை. பூட்டு விற்ற பாவத்துக்கு அதையாவது செய்யலாம் என்று தோன்றியது.

அன்று மத்தியானமே வயரிங் ஆள் வந்துவிட்டார். சுவரைக் கொத்தி வயரை மாற்றினார். கரண்ட் ஒழுகினால் தானாக விழுந்துவிடும் ஒரு சுவிட்சையும் போட்டுவிட்டுப் போனார். இரும்புக் கம்பிகளைப் பிடுங்கிவிட்டு நைலான் கயிறு கட்டினார்கள். லாண்டரிக்காரர் கயிற்றைக்கூடப் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. சுத்தியலை எடுத்து என் கடையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, “இது இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றார்.

அந்தப் பெண் கிளம்பும்போது லாண்டரியம்மா நல்ல வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்துவந்து மீட்டர் கண்ணாடியைத் துடைத்தார். தூசியே இல்லை, இருந்தாலும் துடைத்தார்.

“என் வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேனே இதை. உங்களையும் சேர்த்து. மனசுல வெச்சுக்காதீங்க கண்ணு. நீங்க நல்லா இருக்கணும்.”

“என்னைத் திட்டினது போகட்டும்கா. மீட்டருக்கும் நன்றி வேணாம், அதுக்கு எண்ணத்தான் தெரியும். நான் பையை மூடிட்டேன். வாயைத் திறந்தது அவங்கதான்” என்று உள்பக்கம் கையைக் காட்டிவிட்டுப் போனாள்.

ஆணியைக் கண்டுபிடித்ததிலிருந்து லாண்டரியம்மா அண்ணியிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பேச்சுக்கு அவர் என்றைக்குமே அஞ்சியதில்லை, அன்றைக்கு அஞ்சினார். அடுப்படிக்குப் போனார், வந்தார். உருளைக்கிழங்கு வேகவைத்தார், முட்டை வேகவைத்தார், சோறு வடித்தார், அண்ணிக்குத் தட்டு வைத்தார். அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு, பெட்டியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பலகைக் கதவு அன்று ஏனோ திறந்தே கிடந்தது, நானும் அதை மூடவில்லை.

சாயங்காலம் மகள் காலேஜிலிருந்து ஓடிவந்தாள். அப்பா போனில் சொல்லியிருக்கிறார். பையை என் கடையிலேயே எறிந்துவிட்டு உள்ளே பாய்ந்து, “அம்மா, அம்மா” என்று தேம்பிக்கொண்டு போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். லாண்டரியம்மா அவளைத் தோளைப் பிடித்து விலக்கினார். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது.

“என்னை அப்புறம் கட்டிக்கலாம்டி. நான் இங்கதான் இருக்கேன், இருக்கேன்ல? போ. உங்க அத்தையைக் கட்டிக்கோ. பெட்டியைக் கிளறின கையி இது, அண்ணி. இந்தக் கையை நீங்கதான் எனக்குத் திருப்பிக் குடுத்திருக்கீங்க. போகாதீங்க. நான் உங்க கால்ல வேணா விழறேன், போகாதீங்க.”

மகள் போய் அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அண்ணிக்கு அது பழக்கமில்லை. எந்தப் பிள்ளையும் அவரை அப்படிக் கட்டிக்கொண்டதில்லை போல. இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு ஒரு கையை அவள் முதுகில் வைத்தார். இன்னொரு கையால் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சரி, விடுங்கடி, விடுங்க. ரெண்டு பேரும் அழுதுக்கிட்டு நின்னா நாளைக்கு வர்ற லாட்ஜ் துணியை யாரு மடிக்கறது? நான்தானே மடிக்கணும்?” என்றார்.